ஒப்பாரிக்குக் கண்ணீர், ராப் பாட்டுக்கு வசையா?



கல்யாண விருந்தாகட்டும், பிறந்தநாள் விழாவாகட்டும், கோயில் திருவிழாவின் இரவு மேடையாகட்டும், கெடா மாநிலத்தில் தமிழ் ராப் ஒலிக்காத கொண்டாட்டம் இன்று குறைவு. சுங்கைப் பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய், பீடோங், அலோர்ஸ்டார் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், ஒரு காலத்தில் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் அந்தப் பாட்டை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ராப் இன்று நம் இளையோரின் தாய்மொழிப் பாட்டாகவே ஆகிவிட்டது. இதில் மகிழ்ச்சிதான்!

ஆனால் ஒரு கேள்வி. அதே மேடையில் ஓர் இளைஞன் மைக்கைப் பிடித்துத் தன் கோபத்தைக் கொட்டினால் விசில் பறக்கிறது. கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. ஓர் இளம்பெண் அதே மைக்கைப் பிடித்தால் என்ன கேட்கிறது? "யார் வீட்டுப் பிள்ளை இது?" என்று ஒரு குரல். "உடுப்பைப் பார்த்தாயா?" என்று இன்னொரு குரல். "எழுதிக் கொடுத்தது யாரோ!" என்று மூன்றாவது குரல். பாட்டைப் பற்றிப் பேச மட்டும் யாரும் இல்லை.

இது மேல்நாட்டு நாகரிகம் கொண்டுவந்த புதிய சிக்கல் என்று நினைப்போர் உண்டு. வரலாற்றைப் புரட்டினால் அப்படித் தெரியவில்லை. பெண்ணின் குரலுக்கு எந்த இடத்தில் அனுமதி, எந்த இடத்தில் தடை என்று நம் சமுதாயம் நெடுங்காலமாகவே கோடு போட்டு வைத்திருக்கிறது. ராப் பாடும் பெண் அந்தக் கோட்டைத் தாண்டுகிறாள். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது.

லயத்தில் ஒலித்த குரல்

ராப் என்றால் என்ன? தாளத்தோடு பேசுவது, எதுகை மோனையோடு சாடுவது, தன் கதையைத் தானே சொல்வது. சொல்லிசை என்று அழகான தமிழ்ப் பெயரும் அதற்குக் கிடைத்துவிட்டது. இந்த மூன்றையும் நம் பாட்டிமார்கள் எப்போதோ செய்துவிட்டார்கள்!

ஒப்பாரியை எண்ணிப் பாருங்கள். எழுதி வைத்துக்கொண்டு யாரும் ஒப்பாரி சொல்வதில்லை. மாரில் அடித்துக்கொண்டு, அந்த நேரத்தில் வாயில் வருவதைத் தாளத்தில் கட்டிச் சொல்வதுதான் ஒப்பாரி. இறந்தவரைப் புகழ்வது மட்டும் அதில் இல்லை. கைவிட்ட அண்ணன் தம்பிகளைக் குத்திக்காட்டலாம். கொடுமை செய்த மாமியாரைச் சாடலாம். குடித்தே அழிந்த கணவனை, பிணத்தின் முன்னாலேயே கேள்வி கேட்கலாம். அந்த நேரத்தில் எந்த ஆணும் "வாயை மூடு" என்று சொன்னதில்லை. சுற்றி நின்றவர்கள் கண்ணீர்தான் விட்டார்கள்.

நலுங்குப் பாட்டும் அப்படித்தான். மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும், சம்பந்தி வீட்டாரின் கஞ்சத்தனத்தையும் பெண் வீட்டார் கிண்டலடித்துப் பாடுவார்கள். எசப்பாட்டில் ஆண் ஒரு வரி விட்டால் பெண் அதற்கு ஒரு வரி கொடுப்பாள். இன்று ராப் உலகில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று போட்டி போடுவதைப் பார்த்து வியக்கிறோமே, அதன் தமிழ் வடிவம்தான் எசப்பாட்டு.

தமிழகத்திலிருந்து கப்பலேறி மலாயா வந்த பெண்கள் இந்தப் பாட்டுகளையும் மூட்டையோடு மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பால் வாளியோடு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓடி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு உழைத்த பெண்களுக்குத் தாலாட்டும் ஒப்பாரியும்தான் பேசக் கிடைத்த மேடை. கங்காணியின் கொடுமை, கள்ளுக்கடையில் கரைந்த சம்பளம், திரும்பிப் போக முடியாத ஊர் என்று எல்லாம் அந்தப் பாட்டுகளில் வந்து சேர்ந்தன.

சரி, அப்படியானால் தோட்டத்தில் பெண்ணின் குரலுக்கு மதிப்பு இருந்ததா? வீட்டுக்குள் இருந்தது. மேடையில் இல்லை. காமன் கூத்தில் ரதியாக வேடமிட்டது ஆண். நல்லதங்காள் நாடகத்தில் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிவிட்டு அழுததும் பெரும்பாலும் ஆண்தான். பெண்ணின் துயரத்தைப் பாட மேடை இருந்தது. பாடப் பெண்ணுக்குத்தான் இடமில்லை.

மேடையேறினால் பழிச்சொல்

தாய்த் தமிழகத்திலும் நிலைமை வேறில்லை. பாய்ஸ் கம்பெனிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பெண் வேடத்தைப் பையன்களே கட்டினார்கள். 'ஸ்திரீ பார்ட்' என்று அதற்குத் தனிப்பெயரே இருந்தது. துணிந்து மேடையேறிய பெண்களுக்குப் புகழும் பழியும் ஒரே தட்டில் கிடைத்தன.

1931-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' படத்தின் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி நாடக மேடையிலிருந்து வந்தவர். 1936-இல் 'மிஸ் கமலா' படத்தை இயக்கித் தமிழின் முதல் பெண் இயக்குநர் ஆனவரும் அவரே. கே. பி. சுந்தராம்பாள் 1935-இல் வந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அந்தக் காலத்தில் அது எவரும் கனவிலும் காணாத தொகை. பின்னாளில் சென்னை மேலவை உறுப்பினராகவும் ஆனார். இத்தனை உயரத்துக்குப் போனவர்களை ஊர் வணங்கியது. ஆனால் அதே மேடையில் நடித்துப் பிழைத்த பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான பெண்களை அதே ஊர் 'கூத்தாடி' என்றுதான் அழைத்தது.

மதுரை வட்டாரத்தின் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005-இல் ஒரு நூல் வெளியிட்டார். இரவெல்லாம் ஆயிரம் பேர் முன்னிலையில் ஆடிப் பாடும் நடிகைகள், பகலில் தெருவில் நடக்கும்போது தங்களை நடிகை என்று யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதே என்று எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை அந்த நூல் விரிவாகச் சொல்கிறது. பார்க்க வந்தவன் கண்ணியமானவனாம். ஆடிக் காட்டியவள் மட்டும் கண்ணியம் இழந்தவளாம்! என்ன நியாயம் இது?

கூலியும் குரலும்

நம் மண்ணுக்குத் திரும்புவோம். 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளர்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி, ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதே மரம், அதே கத்தி, அதே வெயில். ஆனாலும் பத்துக் காசு குறைவு. ஒருவரின் உழைப்புக்குக் குறைத்து விலை போடும் சமுதாயம், அவர் சொல்லுக்கும் குறைத்துத்தான் விலை போடும்.

இருந்தும் அந்தப் பெண்களின் மானம் ஒரு போராட்டப் பொருளாக ஆனது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில் சம்பள உயர்வும் கள்ளுக்கடை மூடலும் மட்டும் இல்லை. தோட்ட நிர்வாகத்தினர் தொழிலாளிப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று.

1943-இல் சிங்கப்பூரில் ஜான்சி ராணிப் படை தொடங்கப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் சேர்ந்தார்கள். அந்தப் படையில் இருந்த ராசம்மா பூபாலன் போருக்குப் பின் ஆசிரியரானார். 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென்று தொழிற்சங்கம் அமைத்து, சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டுப் போராடினார்.

கெடாவுக்கும் இதில் தனி வரலாறு உண்டு. போர் முடிந்த பின் பீடோங் அருகிலுள்ள ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. 1947-இன் தொடக்கத்தில் அந்தப் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் நடத்தியது. போலீஸ் நடவடிக்கையில் உயிர்ச்சேதமும் ஏற்பட்டது. கள்ளுக்கடையால் அதிகம் பாதிக்கப்பட்டவர் யார்? சம்பள நாளில் வெறுங்கையோடு வரும் கணவனை எதிர்கொண்ட பெண்தான். ஒப்பாரியில் அவள் அழுது சொன்னது, ஆண்கள் கூடிய கூட்டத்தில் கோரிக்கையாக மாறியது. அங்கே பேசியவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறின. பாடியவளின் பெயர் ஏறவில்லை.

துப்பாக்கி தூக்கிய பெண்ணைப் போற்றுகிறோம். அவள் பேத்தி மைக் தூக்கினால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

இரவு வேலைக்குப் போனவள்

1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் திறந்தது. 1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வந்த காலம் அது. ரப்பர் போய் செம்பனை வந்தது. சில இடங்களில் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களின் பெண் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார்கள்.

அந்தப் பெண்கள் சம்பாதித்த பணத்தில் தம்பிகள் படித்தார்கள். வீட்டுக்குக் கட்டில் வந்தது, தொலைக்காட்சிப் பெட்டி வந்தது. ஆனால் இரவு வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றி ஊர் என்ன பேசியது? மின்னியல் தொழிற்சாலைக்குப் போன மலாய்ப் பெண்களை 'மினா காரான்' என்று கேலி செய்த கதையை மூத்தவர்கள் அறிவார்கள். தமிழ்ப் பெண்களுக்கும் அந்தக் கேலியில் பங்கு கிடைக்காமல் இல்லை. சொந்தமாகச் சம்பாதிக்கிறாள், இரவில் வெளியே இருக்கிறாள், நாலு பேர் கண்ணில் படுகிறாள். இந்த மூன்றும் சேர்ந்தால் பழிச்சொல் தயார்.

இன்று ராப் மேடையில் ஏறும் பெண்ணைப் பாருங்கள். அவளும் சம்பாதிக்கிறாள், இரவில்தான் அவள் நிகழ்ச்சி, நாலு பேர் என்ன, நாலாயிரம் பேர் கண்ணில் படுகிறாள். போதாததற்கு அவள் வாய் திறந்து பேசவும் செய்கிறாள்! தொழிற்சாலைப் பேருந்தைப் பார்த்துப் பேசிய அதே வாய்தான் இன்று கைப்பேசியில் தட்டச்சு செய்கிறது.

தமிழ் ராப்பில் பெண் எங்கே?

1994-இல் வந்த 'காதலன்' படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் இசையில் 'பேட்டை ராப்' ஒலித்தது. பட்டிதொட்டியெங்கும் 'ராப்' என்ற சொல்லைக் கொண்டுபோன பாட்டு அது. சுரேஷ் பீட்டர்ஸ், சாகுல் ஹமீது ஆகியோருடன் அந்தப் பாட்டில் ஒலித்த இன்னொரு குரல் யாருடையது தெரியுமா? தேனி குஞ்சரம்மாள். நாட்டுப்புறப் பாட்டில் ஊறிய ஒரு கிராமத்துப் பெண்மணி. தமிழ்த் திரையின் ராப் வரலாறு ஒரு பாட்டியின் குரலையும் சேர்த்துக்கொண்டுதான் தொடங்கியது என்பதை இன்றைய ரசிகர்கள் எத்தனை பேர் அறிவார்கள்?

மலேசியாவில் போயட்டிக் அம்மோ குழு 1990-களில் புகழ்பெற்றது. அக்குழுவின் யோகி பி, பின்னர் நட்சத்திரா குழுவின் டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் இணைந்து 2006-இல் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டார். 'மடை திறந்து' கடல் கடந்தும் ஒலித்தது. சென்னையே மலேசியத் தமிழ் ராப்பைத் திரும்பிப் பார்த்தது. நமக்கெல்லாம் பெருமை! ஆனால் அந்தப் பெருமைப் பட்டியலில் முன்னே நின்றவர்கள் எல்லாரும் ஆண்கள். தோட்டத்தை விட்டு நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட இளைஞனின் கோபம் அந்தப் பாட்டுகளில் வந்தது. அதே தோட்டத்திலிருந்து அதே லாரியில் ஏறி வந்த அவன் தங்கையின் கோபம் எந்தப் பாட்டில் வந்தது?

2010-இல் 'எந்திரன்' படத்தில் 'இரும்பிலே ஓர் இருதயம்' பாட்டில் காஷ், கிரிசி என்ற இரு இளம்பெண்கள் ரஹ்மானோடு ராப் பாடினார்கள். காஷ் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். எழுதும் பணியிலும் அவர்களுக்குப் பங்கு இருந்தது. நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ற ஒருத்தி ரஜினி படத்தில் ராப் பாடினாள் என்பது சின்னச் செய்தியல்ல.

அதே காலத்தில் மறுபக்கம் என்ன நடந்தது? 2011-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இரவு விடுதிக்குப் போகும் பெண்களைச் சாடிய தமிழ் ராப் பாட்டு இணையத்தில் பெரிய வெற்றி பெற்றது. ஏமாற்றிய காதலியைத் திட்டும் திரைப்பாட்டுகள் வரிசை கட்டின. 2015 டிசம்பரில் 'பீப்' பாட்டு வெளிவந்தபோது தமிழகத்தில் மாதர் அமைப்புகள் தெருவில் இறங்கின. காவல் துறை வழக்குப் பதிந்தது. பெண்ணைப் பற்றிய பாட்டுக்குப் பஞ்சமில்லை. பெண்ணே பாடும் பாட்டுக்குத்தான் பஞ்சம். பெண்ணைத் திட்டுவதையே பாட்டாகக் கேட்டு வளர்ந்த காது, பெண் திருப்பிப் பாடும்போது அதை எப்படி ஏற்கும்?

பிறந்த இடத்திலும் இதே கதை

ஹிப் ஹாப் பிறந்த அமெரிக்காவிலாவது நியாயம் இருந்ததா?

1973 ஆகஸ்ட் 11-ஆம் நாள் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் நடந்த ஒரு விருந்துதான் ஹிப் ஹாப்பின் பிறந்தநாள் என்று கொண்டாடப்படுகிறது. இசைத்தட்டுகளைச் சுழற்றிய டிஜே கூல் ஹெர்க்கின் பெயரை உலகமே அறியும். அந்த விருந்தை ஏற்பாடு செய்தது யார்? அவருடைய தங்கை சிண்டி கேம்ப்பெல். பள்ளிக்கூடத்துக்குப் புது உடுப்பு வாங்கக் காசு சேர்க்க அவள் செய்த ஏற்பாடு அது! 1979-இல் ராப் பாட்டை வானொலிக்குக் கொண்டுபோன 'ராப்பர்ஸ் டிலைட்' இசைத்தட்டை வெளியிட்ட நிறுவனத்தை நடத்தியதும் ஒரு பெண்தான். பெயர் சில்வியா ராபின்சன்.

1984-இல் ரொக்சான் சாந்தே என்ற 14 வயதுச் சிறுமி, ஒரு பெண்ணை ஏளனம் செய்த ஆண்களின் பாட்டுக்குப் பதில் பாட்டுப் பாடி அவர்களைத் திணறடித்தாள். நம் எசப்பாட்டு மாதிரிதான்! மறு ஆண்டு நியூயார்க்கில் நடந்த போட்டியில் ஆண்களை ஒருவர் பின் ஒருவராகத் தோற்கடித்து இறுதிச் சுற்றுக்கு வந்தாள். ஆனால் பட்டம் கிடைக்கவில்லை. நடுவர்களில் ஒருவரான புகழ்பெற்ற ராப் பாடகர் கர்டிஸ் புளோ, அவளுக்கு வேண்டுமென்றே குறைந்த மதிப்பெண் கொடுத்ததைப் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஹிப் ஹாப்பை உலகம் மதிக்கத் தொடங்கும் நேரத்தில் ஒரு சின்னப் பெண் முதலிடத்தில் இருந்தால் மதிப்புக் கெட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

நேயர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும். அவள் பாட்டு சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. அவள் ஜெயித்தால் நமக்கு மரியாதை குறையும் என்பதுதான் பயம். தோட்டத்தை விட்டு வந்து, ஊரில் மரியாதைக்குப் போராடும் நம் இளைஞர்களிடமும் இந்தப் பயம் இல்லையா? ஒடுக்கப்பட்டவர்களின் குரல் என்று சொல்லிக்கொள்ளும் ஒரு கலை, தன் வீட்டுப் பெண்ணையே ஒடுக்குமானால் அந்தப் பெருமைக்கு என்ன பொருள்?

மாயாவும் சோபியாவும் இசைவாணியும்

லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, 1986-இல் மீண்டும் லண்டனுக்குப் போன மாதங்கி அருள்பிரகாசம், 'மாயா' என்றும் எம்.ஐ.ஏ. என்றும் உலகுக்கு அறிமுகமானார். 2005-இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரையும், 2007-இல் வந்த இரண்டாவது தொகுப்புக்குத் தாயின் பெயரையும் வைத்தார். 2009-இல் நிறைமாதக் கர்ப்பிணியாகக் கிராமி விருது மேடையில் ஏறி, அமெரிக்காவின் முன்னணி ராப் பாடகர்களோடு பாடினார். இப்படிப்பட்டவரும் 2007-இல் ஒரு நேர்காணலில் மனம் வெதும்ப வேண்டியிருந்தது. அவர் செய்த இசையை அவரோடு பணியாற்றிய ஓர் ஆண் தயாரிப்பாளர் செய்ததாகவே ஊடகங்கள் எழுதிக்கொண்டிருந்தன. "எழுதிக் கொடுத்தது யாரோ!" என்ற நம்மூர்க் குரலுக்கு லண்டனிலும் நியூயார்க்கிலும் கிளைகள் உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது.

2015 ஜூலையில் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப், கொடைக்கானலில் பாதரசக் கழிவை விட்டுச் சென்ற வெப்பமானித் தொழிற்சாலையைப் பற்றி ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். உலகம் முழுவதும் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் அந்தப் பன்னாட்டு நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. தொழிலாளர்களும் ஆர்வலர்களும் பல ஆண்டுகள் நடத்திய போராட்டத்தின் பயன் அது. கடைசி நேரத்தில் உலகின் காதில் அதைப் போட்டது ஒரு பெண்ணின் ராப். பெண் ராப் பாடி என்ன கிழித்துவிடப் போகிறாள் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

வடசென்னையின் கானா, ராப்புக்கு நெருங்கிய சொந்தம். ஆண்களின் கோட்டை. 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சியை நடத்திய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பெண் குரலாக ஒலித்தவர் இசைவாணி. 2020-இல் பிபிசி தேர்ந்தெடுத்த உலகின் 100 பெண்கள் பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. ஆனால் 2024 நவம்பரில் என்ன நடந்தது? சில ஆண்டுகளுக்கு முன் அவர் குழுவோடு பாடிய ஐயப்பன் பற்றிய பாட்டு ஒன்று திடீரென்று சர்ச்சைக்குள்ளானது. மிரட்டலும் ஆபாச வசையும் அவர்மீது மழையாகப் பொழிந்தன. அவர் காவல் துறையில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று.

அந்தப் பாட்டின் கருத்து பக்தர்கள் மனத்தைப் புண்படுத்தியிருக்கலாம். அதை மறுத்துப் பேச அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேள்வி இதுதான். குழுவில் அத்தனை ஆண்கள் இருக்க, வசை மட்டும் ஏன் பாடிய பெண்ணைத் தேடிப் போனது? பாட்டின் கருத்தை விட்டுவிட்டு அவள் உடலையும் நடத்தையையும் ஏன் பேச வேண்டும்? கருத்துக்குக் கருத்தால் பதில் சொல்லத் தெரியாதவனின் ஆயுதம் அது.

மறுபக்கத்தையும் கேட்போம்

இந்த இடத்தில் மூன்று வாதங்கள் எழும். மூன்றையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம்.

ராப் என்றாலே வசைதான். ஆண்களையும்தான் திட்டுகிறார்கள் என்பது முதல் வாதம். உண்மைதான். ஆனால் ஆணைத் திட்டும்போது "உனக்குப் பாடத் தெரியவில்லை" என்கிறார்கள். பெண்ணைத் திட்டும்போது "உனக்கு ஒழுக்கம் தெரியவில்லை" என்கிறார்கள். முதலாவதைப் பயிற்சியால் திருத்தலாம். இரண்டாவதுக்குப் பதில் சொல்ல அவள் தாய் தந்தையும் சேர்ந்து தலைகுனிய வேண்டியிருக்கிறது.

சில பெண் ராப் பாடகிகளே ஆபாசமாகப் பாடுகிறார்களே என்பது இரண்டாவது வாதம். உண்டு, மறுப்பதற்கில்லை. பிடிக்காவிட்டால் கேட்காமல் இருக்கலாம், விமர்சிக்கலாம். ஆனால் அதே அளவுகோல் ஆணுக்கும் வேண்டும். ஆண் பாடினால் 'மாஸ்', பெண் பாடினால் 'மானக்கேடு' என்றால் அது விமர்சனமல்ல, ஓரவஞ்சனை.

பெற்றோரின் அச்சம் மூன்றாவது. "இந்த ஊர் வாயில் என் மகள் விழ வேண்டுமா?" என்று ஒரு தாய் கேட்டால், அந்தக் கேள்வியை யாரும் ஏளனம் செய்ய முடியாது. தோட்டத்தில் கௌரவம் ஒன்றுதான் ஏழையின் சொத்தாக இருந்தது. ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து மகளை அடக்கினால், ஊர் வாய்க்கு வெற்றி, மகளுக்கு நட்டம். அடக்க வேண்டியது ஊர் வாயைத்தான்.

சட்டம் வந்துவிட்டது, மனம்?

இது வெறும் பாட்டுச் சண்டை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2024 ஜூலையில் ஈஷா என்று சமூக ஊடகத்தில் அறியப்பட்ட மலேசியத் தமிழ்ப் பெண் ஒருவர், இணையத்தில் தொடர்ந்து வந்த பகடிவதைக்குப் பின் உயிரிழந்தார். அவர் ராப் பாடகி அல்லர். ஆனால் பொதுவெளியில் முகம் காட்டிய பெண். அவரைத் துன்புறுத்திய வழக்கில் ஒருவருக்கு விதிக்கப்பட்ட அபராதம் வெறும் 100 ரிங்கிட்! சிறு குற்றங்கள் சட்டத்தின் அந்தப் பிரிவில் அதற்கு மேல் விதிக்க வழியில்லை. நாடே கொதித்தது. அதன் விளைவாகக் குற்றவியல் சட்டத்தில் பகடிவதைக்கு எதிரான புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025-இல் நடைமுறைக்கு வந்தன. 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயமும் 2024-இல் இயங்கத் தொடங்கியது. பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் இல்லாமலேயே அங்கே முறையிடலாம்.

சட்டம் கதவைத் திறந்து வைக்கும். உள்ளே நடந்து போவது சமுதாயத்தின் வேலை. கெடாவின் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் அந்த வேலையை எங்கே தொடங்கலாம்?

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களிடமிருந்து தொடங்கலாம். பெண் பாடும்போது கூட்டத்திலிருந்து ஆபாசக் கூச்சல் எழுந்தால், நிகழ்ச்சியை நிறுத்தி, கத்தியவனை வெளியே அனுப்பும் துணிவு அறிவிப்பாளருக்கு வேண்டும். சம்பளத்திலும் அந்தப் பழைய பத்துக் காசு வேறுபாடு வேண்டாம். தமிழ்ப்பள்ளிகளிலும் இளைஞர் மன்றங்களிலும் சொல்லிசைப் போட்டி வைத்தால், பெண் பிள்ளைகளுக்கும் அதே தலைப்பு, அதே நேரம், அதே நடுவர் இருக்கட்டும். ஆண் ராப் பாடகர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. தங்கள் ரசிகன் ஒரு பெண் கலைஞரை இழிவாகப் பேசும்போது, "அப்படிப் பேசாதே தம்பி" என்று அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால், அது நூறு மேடைப் பேச்சுக்குச் சமம். அந்த இளைஞன் வேறு யார் சொல்லையும் கேட்கமாட்டான். அவர்கள் சொல்லைக் கேட்பான்.

இன்னொன்றும் அவசரமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. லயத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு ஒப்பாரியும் எசப்பாட்டும் மண்ணுக்குள் போகின்றன. 2021-இல் உலகெங்கும் ஒலித்த 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டுக்கு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தன் பாட்டியின் கதையும் ஒப்பாரியுமே ஊற்று என்று அதை எழுதிய அறிவு சொன்னார். கெடாவில் அப்படிப்பட்ட பாட்டிகள் எத்தனை வீடுகளில் இருக்கிறார்கள்! பேத்திகள் அவர்கள் அருகில் அமர்ந்து, அந்தக் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். அதிலிருந்து ஒரு வரியை எடுத்துத் தன் ராப்பில் சேர்க்கும் பேத்தியைப் பார்த்து "இது நம் பண்பாடா?" என்று யார் கேட்க முடியும்?

அழுதால் தெய்வமாகப் பார்ப்பதும், பேசினால் தூற்றுவதும் ஒரே பெண்ணைத்தான். அவள் தாளமும் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. நின்ற இடம்தான் மாறியிருக்கிறது. அந்த இடத்தில் அவள் நிம்மதியாக நின்று பாட வேண்டுமானால், மாற வேண்டியவர்கள் கீழே அமர்ந்திருக்கும் நாம்தான்.